துரை பங்களா

எங்கள் வீட்டுப் பூனைக்குத் துரை என்று பெயர் வைத்தது அம்மா. ரெங்கம் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே பால்மரம் வெட்டிப் பிள்ளைகளை வளர்த்தவர். வெள்ளைக்காரத் துரைகளின் கடைசிக் காலத்தைச் சிறுமியாக இருந்து பார்த்திருக்கிறார். அரைக்கால் சட்டை, முழங்கால் வரை வெள்ளைக் காலுறை, காலையும் மாலையும் ஒரு சுற்று, யாரோடும் அநாவசியப் பேச்சு கிடையாது. இந்தப் பூனைக்கும் நாலு காலிலும் வெள்ளை, மேலே சாம்பல் வரி. வந்த அன்றே வீட்டை மூலை மூலையாகப் பார்வையிட்டுவிட்டு, ஹாலில் இருந்த ஒரே பிரம்பு நாற்காலியில் ஏறி அமர்ந்தது. "பாத்தியா, தொர பங்களாவுக்கு வந்துட்டாரு," என்றார் அம்மா. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவருக்கு மரியாதை விகுதிதான்.

உண்மையில் அவர் என் கணவரின் பூனை. லார்கின் பேருந்து நிலையத்தில் யாரோ அட்டைப்பெட்டியில் விட்டுப்போனதை மழைச்சட்டைக்குள் வைத்து மோட்டாரில் கொண்டுவந்தார். வால் நுனியில் ஒரு முடிச்சு உண்டு. ஊரிலிருந்து வரும் உறவினர்கள் அதைத் தடவிப் பார்த்துக் கதவில் நசுங்கிவிட்டதா என்று கேட்பார்கள். நசுங்கவில்லை, பிறவியே அப்படி. வளர்ப்பு விலங்குகளும் செடிகளும் எப்படி மாறுபடுகின்றன என்று 1868இல் டார்வின் வெளியிட்ட நூலில், மலாய்த் தீவுக்கூட்டத்துப் பூனைகளின் குட்டை வாலையும் அதன் முடிச்சையும் பற்றி எழுதியிருக்கிறார். ஜொகூரில் எந்த ஒட்டுக்கடை மேசைக்கு அடியில் குனிந்தாலும் டார்வின் சொன்ன வால் ஒன்று நெளிந்துகொண்டிருக்கும்.

என் கணவருக்கு வேலை சிங்கப்பூரின் துவாஸில். ஸ்கூடாயிலிருந்து இரண்டாவது பாலம் வழியாக மோட்டாரில் போகிறவர்கள் நெரிசலுக்கு முன்னால் குடிநுழைவைத் தாண்ட வேண்டுமென்றால் நாலரைக்கு எழுந்தாக வேண்டும். எழுந்ததும் முதல் வேலை துரைக்குத் தட்டு வைப்பது. முந்தின இரவே அவித்து முள் எடுத்த கெம்போங் மீன், மேலே ஒரு பிடி உலர்தீனி. ஒருவர் நின்றுகொண்டு கோப்பி குடிப்பார், ஒருவர் குனிந்து தின்பார், ஒரு பேச்சும் இருக்காது. பிறகு கிரில் கதவு, மோட்டார் சத்தம், துரை நாற்காலிக்குத் திரும்பிவிடுவார். ஏழு வருடம் இப்படியே போனது.

2020 மார்ச் 16 இரவு, கொரோனாவுக்கான நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை பற்றி மலேசியப் பிரதமர் தொலைக்காட்சியில் அறிவித்தார். 18ஆம் தேதி தொடங்கி மாதக் கடைசிவரை என்று சொன்னார்கள். அந்தப் பக்கம் வேலை செய்கிறவர்கள் வேலையை வைத்துக்கொள்ள வேண்டுமானால் அந்தப் பக்கமே தங்கியாக வேண்டும். 17ஆம் தேதி பாலத்தில் மூச்சுவிட முடியாத கூட்டம். இவர் ஒரு தோள்பையில் துணியை அடைத்துக்கொண்டு கிளம்பும்போது, "தொரையையும் பைக்குள்ள போட்டுக்கவா?" என்று சிரித்தார். அவர் தங்கப்போனது ஜூரோங்கில், அரசு வீடமைப்பான வீவக அடுக்குமாடியில் ஒரு அறை. சிங்கப்பூரில் வீவக வீடுகளில் பூனை வளர்க்க அப்போது அனுமதியில்லை. 1989இல் வந்த அந்தத் தடை 2024 செப்டம்பர் 1ஆம் தேதிதான் நீங்கியது. ஆக, துரை பங்களாவிலேயே தங்கினார்.

பூனைக்குட்டிகள் வந்த கதையைச் சொல்வதற்கு முன் இதையெல்லாம் சொல்லக் காரணம் இருக்கிறது. வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பூனைக்குப் புதுக் குட்டிகளைப் பழக்குவது எப்படி என்று கேட்கிறவர்கள் எல்லாருமே குட்டிகள் வந்த நாளிலிருந்துதான் கணக்கைத் தொடங்குகிறார்கள். துரையின் கலக்கம் அதற்கு ஒரு மாதம் முன்பே தொடங்கிவிட்டது. நாலரைக்குக் கிரில் கதவருகே போய் உட்காருவார். தட்டு வராது. ஏழு மணிக்கு நான் எழுந்து வைத்தால் முகர்ந்துவிட்டுப் போய்விடுவார். இரண்டாவது வாரம் வாசலில் கிடந்த கால்மிதியில் சிறுநீர் கழித்தார், அதற்கு மறுநாள் கொடியிலிருந்து விழுந்து கிடந்த என் கணவருடைய மழைச்சட்டை மேல்.

அம்மாவுக்குக் கோபம். "திமிரு புடிச்சிருக்கு" என்றார். திமிர் இல்லை என்பதற்கு என்னிடம் ஆதாரம் இருந்தது. பள்ளிக்கூடம் மூடிக் கிடந்த அந்த நாட்களில் பூனை பற்றி வாசிப்பதைத் தவிர எனக்கும் வேலை குறைவு. அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டோனி பஃபிங்டனும் அவருடைய குழுவினரும் 32 பூனைகளைத் தொடர்ந்து கவனித்து 2011இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். சிறுநீர்ப்பை நோய் உள்ள பூனைகளும் இருந்தன, நோயே இல்லாத பூனைகளும் இருந்தன. சாப்பாட்டு வேளை மாறுவது, பார்த்துக்கொள்ளும் ஆள் மாறுவது போன்ற நாட்களில் இரண்டு கூட்டமும் ஒரே மாதிரி வாந்தி எடுத்தன, தீனியை ஒதுக்கின, மணல் தட்டுக்கு வெளியே சிறுநீர் கழித்தன. அதாவது பூனைக்கு அட்டவணை குலைந்தாலே உடம்பு குலையும். ஆண்பூனைக்கு இது விளையாட்டில்லை. அதன் சிறுநீர்க் குழாய் மிகக் குறுகல். அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிரே போய்விடும்.

அம்மாவுக்கு ஒஹாயோ தேவைப்படவில்லை. "நாலரைக்குத் திங்கிற ஆளுக்கு ஏழு மணிக்கு வச்சா?" என்று ஒரே கேள்வி கேட்டார். தோட்டத்துப் பெரட்டுக்கு, அதாவது அதிகாலை ஆள் கணக்கெடுப்புக்கு, போய்ப் பழகிய உடம்பு, இன்றும் அந்த நேரத்துக்கு விழித்துக்கொள்ளும். மறுநாளிலிருந்து கெம்போங் மீன் நாலரைக்கு வந்தது. மழைச்சட்டையைத் துவைத்து மாட்டினோம். கால்மிதி அதன்பின் காய்ந்தே இருந்தது.

ஏப்ரல் நடுவில், ஒரு பிற்பகல் மழை விட்டதும், எங்கள் வரிசைக் கடைசி வீட்டு மலாய்க்கார அம்மாள், மக்சிக், முகக்கவசத்தோடு கிரில் கதவருகே வந்து நின்றார். கையில் மீன் கடைப் பெட்டி. உள்ளே மூன்று குட்டிகள், லொங்காங் சாக்கடைச் சேற்றோடு. கடைகளில் உட்கார்ந்து சாப்பிடத் தடை வந்ததிலிருந்து கடைகளின் பின்சந்துகளில் வாழ்ந்த பூனைகள் பட்டினி. தாய்ப்பூனை திரும்பி வருமா என்று மக்சிக் குடை பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்திருக்கிறார். வரவில்லை, தண்ணீர் மட்டும் ஏறிக்கொண்டே வந்தது. அவர் வீட்டில் ஏற்கெனவே ஒரு படை. "காசியான் லா, சிக்கு," என்றார். பாவம் என்கிறார்; ஆசிரியையான என்னைச் சிக்கு என்றுதான் அழைப்பார். ஊரடங்கு முடியும்வரை வைத்திருந்தால் போதும், ஆள் பார்த்துக் கொடுத்துவிடலாம்.

சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். பிறக்கும்போது பூனைக்குட்டி சுமார் 100 கிராம் இருக்கும், நன்றாகப் பால் குடித்தால் வாரத்துக்கு 100 கிராம் வீதம் ஏறும். இவை மூன்றும் 350க்கும் 450க்கும் இடையில் நின்றன. ஆனால் பல்லைப் பார்த்தால் ஐந்து வாரம் தாண்டியிருந்தது. பசியில் வளர்ந்தவை. இரண்டு கறுப்பு வெள்ளை, ஒன்று மூவண்ணம். மூவண்ணம் என்றால் அநேகமாகப் பெண்தான். செம்பட்டை நிறத்துக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் கறுப்பும் செம்பட்டையும் ஒரே உடம்பில் சேர இரண்டு எக்ஸ் வேண்டும். அம்மா பெயர் வைக்க விடவில்லை. பேர் வெச்சா அது நம்மளோடதாயிடும், அப்புறம் எப்படிக் குடுக்கிறது? ஆகவே பெரிசு, நடுவு, சின்னது. மூவண்ணம்தான் சின்னது.

எந்த அறையில் விடுவது என்பதில் அம்மாவுக்கும் எனக்கும் பேச்சு வளர்ந்தது. முன்னறைதான் பெரியது, காற்றோட்டம் உள்ளது. ஆனால் அதன் ஜன்னல் திண்டில்தான் துரை பகலில் படுப்பார். பின்னறை சிறியது, பழைய பாடநூல்களும் உடைந்த மின்விசிறியும் கிடக்கும், துரை மாதத்தில் ஒருமுறை எட்டிப் பார்த்தால் உண்டு. நான் பின்னறைதான் என்று பிடிவாதமாக நின்றேன். அனாதைக் குட்டிக்கு நாலு சுவரும் ஒரு வெந்நீர்ப் புட்டியும் போதும், ஜன்னல் தேவையில்லை. துரைக்கு அந்த ஜன்னல் போனால் பாதி பங்களா போன மாதிரி. இருக்கிறவரிடமிருந்து எதையும் எடுக்கக் கூடாது என்று அன்றைக்கே எனக்குள் முடிவாகிவிட்டது. குட்டிகளுக்கு எதைக் கொடுத்தாலும் அது துரையினுடையதாக இருக்கக் கூடாது. தட்டு வேறு, மணல் தட்டு வேறு, துண்டு வேறு, என் மடியில் அவை உட்காரும் நேரமும் வேறு.

நாடே தனிமைப்படுத்தலில் இருந்தபோது எங்கள் பின்னறையில் அதற்குள் ஒரு தனிமைப்படுத்தல். காரணம் பூனைகளின் பார்வோ வைரஸ். குட்டிகளைக் கொத்தாகக் கொல்லும், தரையிலும் துணியிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், சோப்பு நீருக்குச் சாகாது. இரண்டு வாரமாவது பிரித்து வைக்கச் சொன்னார் தொலைபேசியில் கிடைத்த கால்நடை மருத்துவர். அந்த அறைக்கென்று ஒரு செருப்பு, ஒரு பழைய சட்டை. தரை துடைக்க ஒரு பங்கு கிளோராக்ஸுக்கு 32 பங்கு தண்ணீர், பத்து நிமிடம் ஊறவிட்டுப் பிறகு நல்ல தண்ணீரில் ஒரு துடைப்பு. அம்மா அந்த மாதங்களில் வீடு முழுக்கப் பினாயில் ஊற்றிக்கொண்டிருந்தார், அதை நிறுத்தச் சொல்வதுதான் பெரும்பாடு. பீனால் வகைப் பொருள்களை முறித்து வெளியேற்றும் சக்தி பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. பாதத்தில் ஒட்டியதை நக்கினாலே நஞ்சு. தவிர, அந்த நெடி துரை வீடெங்கும் கன்னத்தால் தேய்த்து வைத்த வாசனையை எல்லாம் அழித்துவிடும். அம்மா நான் சொன்னதில் பாதியைத்தான் நம்பினார். ஆனால் பினாயில் புட்டி பின்வாசலுக்குப் போனது.

துரைக்கு விஷயம் முதல் மணி நேரத்திலேயே தெரிந்துவிட்டது. மூடிய கதவின் அடியிடுக்கில் மூக்கை வைத்து வெகுநேரம் நின்றார். தொண்டைக்குள்ளிருந்து ஒரு உறுமல், மோட்டார் தூரத்தில் கிளம்புகிற மாதிரி. பிறகு என்னைப் பார்க்காமலே நடந்துபோய் முன்னறை அலமாரி மேல் ஏறினார். அன்று இரவு இறங்கவில்லை. காலை நாலரைக்கு அம்மா தட்டைத் தட்டினார். வரவில்லை. அன்று முழுக்கத் தின்னவில்லை, மறுநாள் நாலரைக்கும் இல்லை.

அந்த இரண்டாம் நாள்தான் எனக்கு உண்மையான பயம். மனிதர் இரண்டு நாள் விரதம் இருந்தால் புண்ணியம் என்கிறோம், பூனைக்கு அது ஆபத்து. தீனி நின்றதும் உடம்பு தன் கொழுப்பைக் கரைத்துக் கல்லீரலுக்கு அனுப்பும். பூனையின் கல்லீரலால் அவ்வளவையும் சமாளிக்க முடியாமல் கொழுப்பு அங்கேயே தேங்கிவிடும். கொழுத்த பூனைக்கு இன்னும் வேகமாக. துரை ஐந்து கிலோவுக்கு மேல்.

அம்மா மீன் வேகும் வாசனை வரட்டும் என்று மீண்டும் அடுப்பைப் பற்றவைத்தார். நான் துரை போய்வரும் வழியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவருடைய தட்டு எப்போதும் சமையலறையில் இருக்கும். அங்கே போகப் பின்னறைக் கதவைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒவ்வொரு வாய்க்கும் எதிரியின் வாசலைக் கடந்து போகச் சொல்கிறோம். இளஞ்சூடாக மீனை அவருடைய பழைய தட்டிலேயே போட்டு அலமாரி மேல் வைத்துவிட்டு இருவரும் அறையை விட்டு வெளியேறினோம். அரைமணி கழித்து நக்கும் சத்தம் கேட்டது. அம்மா சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டார். அடுத்து வந்த நாட்களில் தட்டு அலமாரியிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து ஹால் மூலைக்கு என்று இறங்கியது. சமையலறைக்கு அது திரும்பிப் போக மே பிறந்துவிட்டது. அவசரப்படுத்த யாருக்கும் அவசரம் இல்லை. ஊரடங்கின் ஒரே நன்மை அதுதான்.

வாசனைப் பரிமாற்றம் என்று எல்லாரும் சொல்வார்கள். குட்டிகளைத் துடைத்த துணியைப் பெரிய பூனையிடம் போடுவது. நான் முதலில் எதிர்த்திசையில் செய்தேன். மெல்லிய கைக்குட்டையால் துரையின் கன்னத்தைத் தடவி, அதைக் குட்டிகளின் போர்வையில், பெட்டி விளிம்பில், பின்னறைக் கதவு நிலையில் தேய்த்தேன். பூனையின் கன்னச் சுரப்பியில் வரும் வாசனை, இது என் இடம், இங்கே பயமில்லை என்று அது தனக்கே எழுதிவைக்கும் முத்திரை. பிரான்ஸில் பாட்ரிக் பாஜா என்ற கால்நடை மருத்துவர் 1990களில் அதன் ஒரு கூறைப் பிரித்தெடுத்துச் செயற்கையாகச் செய்ததில்தான் இன்று மின்செருகியில் மாட்டும் பூனை வாசனைத் திரவம் வந்தது. விலை அதிகம், நான் வாங்கவில்லை. கைக்குட்டைக்குச் செலவில்லை.

குட்டிகள் மேல் தன் வாசனை ஏறிய பிறகு அவற்றின் துணி துரையின் அறைக்கு வந்தது. தட்டுக்குப் பக்கத்தில் அல்ல, அவர் விரும்பினால் போய்ப் பார்க்கும் தூரத்தில். போய்ப் பார்த்தார். முகர்ந்துவிட்டு வாயைப் பாதி திறந்து, மேலுதட்டைச் சுருக்கி, எதையோ சகிக்க முடியாதவர்போல் நின்றார். அருவருப்பு மாதிரித் தெரியும், ஆனால் அருவருப்பு இல்லை. மேல் அண்ணத்தில் இருக்கும் இன்னொரு மோப்ப உறுப்புக்கு வாசனையை ஏற்றும் முகம் அது. அந்தத் துணியை அவர் படித்துக்கொண்டிருந்தார் என்றே சொல்வேன்.

இரவு எட்டு மணிக்கு இவர் காணொளியில் கூப்பிடுவார். "தொர எங்க?" என்பதுதான் முதல் கேள்வி, நான் எங்கே என்பது இரண்டாவது. கைப்பேசியைத் துரையின் அருகே கொண்டுபோனால் காது மட்டும் அந்தப் பக்கம் திரும்பும், தலை திரும்பாது. 2013இல் தோக்கியோ பல்கலைக்கழகத்தில் ஆத்சுகோ சைத்தோ பூனைகளுக்கு அந்நியர் குரலையும் எஜமானர் குரலையும் போட்டுக்காட்டி, எஜமானர் குரலை அவை அடையாளம் காண்கின்றன என்று நிறுவினார். காதும் தலையும் அசைந்தனவாம், எழுந்து வந்த பூனை அரிது. இதை நான் சொன்னதும் ஜூரோங்கிலிருந்து ஒரு திருப்தியான சிரிப்பு.

நடுவில் சின்னதுக்கு வயிற்றுப்போக்கு. இரண்டே நாளில் கையில் எடுத்தால் கனமே இல்லை. அப்போது பத்து கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது, காரில் ஒருவர் மட்டும். மருத்துவமனை பத்துக்குள்தான் இருந்தது. சாலைத் தடுப்பில் போலீசும் இராணுவமும் சேர்ந்து நின்றார்கள். எங்கே போகிறீர்கள் என்ற கேள்விக்கு நான் பதில் சொல்லுமுன் பெட்டியே பதில் சொன்னது. இளம் போலீஸ்காரர் குனிந்து துளை வழியாகப் பார்த்தார். எத்தனை வாரம், பசும்பால் கொடுக்கிறீர்களா என்று அவர் கேட்ட கேள்விகளில் பின்னால் வண்டி வரிசை நீண்டது. பசும்பால் இல்லை, டின்னில் வரும் குட்டிப்பால் என்றேன். பசும்பாலில் இருக்கும் அளவு லாக்டோஸ் குட்டிகளுக்கு ஒத்துக்கொள்ளாது. தலையை ஆட்டிவிட்டு அனுப்பினார். என் ஆவணங்களைப் பார்க்க மறந்துவிட்டார். இந்த ஊரில் பூனை ஒரு அனுமதிச் சீட்டு. நபியின் தோழர் ஒருவர் பூனைக்குட்டியோடேயே திரிந்தவர் என்று மக்சிக் எனக்குச் சொன்னதை அந்தப் பிள்ளைக்கும் அவன் பாட்டி சொல்லியிருப்பார்.

வயிற்றுப்போக்குக்குக் காரணம் வட்டப்புழுவும் குடலில் ஒரு ஒட்டுண்ணியும். மருந்து கேட்டது. ஆனால் மருத்துவமனையிலிருந்து திரும்பிய சின்னதைப் பார்த்து அதன் உடன்பிறப்புகளே சீறின. ஸ்பிரிட்டும் வேற்று விலங்குகளும் கலந்த வாசனை, அவற்றுக்கு அது யாரோ. பழைய போர்வையில் உருட்டி எடுத்து, சிறிது நேரம் கழித்து விட்டதும் ஒன்றுமே நடக்காததுபோல் குவியலாகத் தூங்கின. பூனையின் உலகில் முகம் இரண்டாம்பட்சம் என்று அன்று கண்ணால் பார்த்தேன்.

கதவைத் திறந்த கதையை நீட்டுவதற்கில்லை. முதலில் மூடிய கதவின் இரு பக்கமும் ஒரே நேரத்தில் தீனி. பிறகு கதவு இருந்த இடத்தில் பழைய கொசுவலைச் சட்டம். கடைசியில், குட்டிகளை அரைமணி நேரம் கயிற்றை இழுத்து ஓடவிட்டு அவை களைத்துப்போன பிறகு, சட்டத்தையும் எடுத்தோம். களைப்பு முக்கியம். ஏழெட்டு வாரக் குட்டிக்கு அசைவதெல்லாம் இரை, துரையின் முடிச்சு வால் அசையாமல் இருந்ததே இல்லை. நடுவு பாய்ந்தது. துரை சீறி, நகத்தை உள்ளிழுத்த பாதத்தால் தலையில் ஒரு தட்டு. அம்மா "ஏய் தொர!" என்று கத்த வாயெடுத்தார், நான் அவர் கையைப் பிடித்தேன். சீறுவது சண்டை இல்லை, சண்டையைத் தவிர்க்கும் பேச்சு. அதற்குப் போய்த் திட்டினால் குட்டிகள் வந்தாலே தனக்குத் திட்டு விழும் என்றுதான் அவர் கற்றுக்கொள்வார். நடுவு இரண்டடி பின்வாங்கி உட்கார்ந்தது. அதற்கும் பாடம் ஆனது.

ஹாலில் துரைக்கு மட்டும் எட்டும் உயரத்தில் இரண்டு பலகை அடித்தோம், குட்டிகளால் இன்னும் தாவ முடியாத உயரம். அதன்பின் அவர் பெரும்பாலும் மேலிருந்தபடி மேற்பார்வைதான். இரவு ஒன்பதுக்குமேல் குட்டிகள் பின்னறையில், ஹால் முழுக்கத் துரைக்கு. அதில் முதல் ஒரு மணி நேரம் நானும் பிரம்பு நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பயிற்சிப் புத்தகங்களின் புகைப்படங்களைத் திருத்திக்கொண்டிருப்பேன். அதை ஒருநாளும் தவறவிடவில்லை.

பெரிய பூனை அனாதைக் குட்டிகளை நக்கிக் கொடுத்து அணைத்துத் தூங்கும் காணொளிகளை மக்சிக் அம்மாவுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார். அம்மா அவற்றைத் துரையிடம் காட்டாத குறை. "எப்ப சேத்துக்குவாரு?" என்று தினமும் கேள்வி. எனக்கு அந்தக் காணொளிகள் மேல் கோபம் உண்டு. வீட்டுப் பூனையின் மூதாதை ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை. தனியாக வேட்டையாடும், தனியாகத் தின்னும். பண்ணைகளில் கூட்டமாக வாழ நேர்ந்தால் அக்காள், தங்கை, தாய் என்று உறவுள்ள பெண்பூனைகள் ஒன்றன் குட்டிக்கு மற்றொன்று பால் கொடுப்பதுண்டு. ஆண்பூனைக்கு அந்த வழக்கமே கிடையாது. குட்டிகள் இருக்கும் அறையில் நடுவயது ஆண்பூனை ஒன்று கண்ணை மூடிப் படுக்கிறதென்றால் அதுவே பெரிய விட்டுக்கொடுத்தல். அதற்கு மேல் பாசம் காட்டச் சொல்லி வற்புறுத்துவது நம் ஆசைக்காகத்தானே தவிர அதன் நன்மைக்காக இல்லை. துரை குட்டிகளை ஒருநாளும் நக்கவில்லை. சின்னது மட்டும் அவர் படுத்திருக்கும் பலகைக்கு நேர் கீழே வந்து படுக்கும். அவர் இறங்கும்போது அதை மிதிக்காமல் சுற்றி இறங்குவார். நான் பார்த்த உச்சபட்ச உறவு அவ்வளவுதான்.

ஜூன் 10இல் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. தடுப்பூசி போட்டு, எடை ஒரு கிலோ தொட்டதும், பெரிசும் நடுவும் சேர்ந்து கூலாயில் ஒரு வீட்டுக்குப் போயின. சேர்ந்துதான் கொடுப்பேன் என்று சொன்னதால் இரண்டு பேர் வேண்டாம் என்று போனார்கள், மூன்றாவதாக வந்தவர்கள் சரி என்றார்கள். சின்னதைக் குளுவாங்கிலிருந்து வந்த ஒரு குடும்பம் எடுத்துக்கொண்டது. டுரியான் காலம், ஒரு கூடை கொண்டுவந்திருந்தார்கள். அம்மா கூடையை வாங்கும்போது அழுதார், பழத்தை உடைக்கும்போது தேறிவிட்டார். கருத்தடை செய்கிற வயதையும் தேதியையும் எழுதிக் கொடுத்தேன். அதில்லாமல் அடுத்த வருடம் இன்னொரு லொங்காங் நிறையும்.

துரை அன்று மாலை பின்னறைக்குள் போனார். பெட்டி இருந்த இடம், மணல் தட்டு இருந்த இடம், கதவு நிலை என்று வரிசையாக முகர்ந்தார். கன்னத்தைத் தேய்த்து எல்லாவற்றையும் மறுபடி தன் பெயருக்கு எழுதிக்கொண்டார். குட்டிகளைத் தேடினாரா என்று இவர் கேட்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மாதத்தில் ஒருமுறை எட்டிப் பார்த்த அறை அதன்பின் அன்றாடச் சுற்றில் சேர்ந்துகொண்டது, அவ்வளவே.

அதற்குப் பிறகும் குட்டிகள் வந்தன. மக்சிக்குக்கு ஒரு கதவு திறந்தால் போதும். அடுத்தடுத்து வந்தவற்றுக்குத் துரை அலமாரி ஏறவில்லை, உறுமலோடு நிறுத்திக்கொண்டார். பின்னறை, கைக்குட்டை, கொசுவலைச் சட்டம் எல்லாம் தயாராக இருந்தன. நாலரை மணித் தட்டு மட்டும் யார் வந்தாலும் போனாலும் மாறவில்லை.

மார்ச் கடைசிவரை என்று சொல்லிப் போனவர் வந்தது 2021 டிசம்பரில். நவம்பர் 29இல் தரைவழிச் சிறப்புப் பயணத் தடம் திறந்தது. ஒரு திசைக்கு நாளொன்றுக்கு 1,440 பேர், பேருந்தில் மட்டும். சீட்டு கிடைத்து, சோதனைகள் முடித்து, லார்கினில் இறங்கி வீட்டுக்கு வந்தார். இளைத்திருந்தார். வேறு சோப்பு, வேறு சலவைத்தூள், பேருந்தின் குளிரூட்டி நெடி. பையை ஹாலில் வைத்துவிட்டு மண்டியிட்டு, "தொர!" என்று இரண்டு கையையும் நீட்டினார்.

துரை முதுகை வளைத்துச் சீறினார்.

இவர் முகத்தைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "மாப்பிள்ளையப் பின்ரூம்புல வைம்மா, ரெண்டு வாரம்," என்றார். அந்த அளவுக்குப் போகவில்லை. குளித்து, வீட்டுச் சலவையில் துவைத்த பழைய சட்டையை மாட்டிக்கொண்டு, கை நீட்டாமல் தரையில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்க்கச் சொன்னேன். கைக்குட்டை வேலையையும் செய்தேன், அவருடைய முழங்காலில். இரவு துரை வந்து பையை முகர்ந்தார், அந்த வாய் திறந்த முகத்தோடு வெகுநேரம் நின்றார், போய்விட்டார்.

மறுநாள் காலை இவர் நாலரைக்கு எழுந்து தட்டை எடுத்தார். எடுத்த இடத்தில் அம்மா நின்றிருந்தார். துரை இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். தட்டை இவர் வைத்தார், துரை தின்னவில்லை. அம்மா எடுத்து அதே இடத்தில் வைத்தார், தின்றார். சில நாளில் இவர் கையாலும் தின்னத் தொடங்கினார். அம்மாவுக்குத்தான் அது பிடிக்கவில்லை. ஏதும் சொல்லவில்லை, ஆனால் காலையில் பாத்திரங்கள் கொஞ்சம் சத்தமாக உருண்டன. கடைசியில் மீன் அவிப்பதும் முள் எடுப்பதும் அம்மா, தட்டு வைப்பது மாப்பிள்ளை என்று அவர்களுக்குள்ளேயே ஏற்பாடாகிவிட்டது. நான் ஏழு மணிவரை தூங்குகிறேன்.